பொழைக்க வச்சிட்ட, பொறவு?

ஏல பேராண்டி, உன் நாவலோட முதல் அஞ்சு அத்தியாயத்தையும் கண்ணாடியப் போட்டு வாசிச்சேன். தாளு நல்ல கெட்டித் தாளு. எழுத்தும் கெழவன் கண்ணுக்குத் தெரியட்டும்னு பெருசா அடிச்சிருக்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. இனி கதைக்கு வருவோம்.

1940 ஆகஸ்ட் 20, சாயங்காலம். மெக்ஸிகோ நகரத்துல கொயோவகான், வியன்னா தெரு வீடு. ட்ராட்ஸ்கி மேசையில குனிஞ்சு ஒரு கட்டுரையப் பாக்காரு. அதை எழுதிக் கொண்டாந்தவன் முதுகுக்குப் பின்னால நிக்கான். மழைக்கோட்டுக்குள்ளருந்து, பனிமலை ஏறுதவங்க வச்சிருக்க கோடாலிய எடுத்து ஓங்குதான். இது வரைக்கும் சரித்திரம். உன் கதையில அந்நேரம் பாத்து பேனா உருண்டு கீழ விழுது. எடுக்க அவரு குனியுதாரு. கோடாலி மரத்துல இறங்குது. ஆளு தப்பிச்சாச்சு. ரெண்டாவது அத்தியாயத்துல கப்பல் ஏறுதாரு. நாலாவதுல மாஸ்கோ. அஞ்சாவதுல ஸ்டாலின் பொட்டியக் கட்டுதாரு. ஒரு பேனா கீழ விழுந்ததுக்கு உலகத்துல ஆறுல ஒரு பங்கு கைமாறிட்டு! நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்தக் கண்ணாடியக் கீழ போடுதேன், நம்ம தெருச் சாக்கடை கூட சுத்தமாகல.

இவருக்கு ட்ராட்ஸ்கியப் பத்தி என்ன தெரியும்னு உன் முகத்துல எழுதியிருக்கு. மில்லுல செங்கொடிச் சங்கத்துல நின்ன காலத்துல, நியூ செஞ்சுரி கடையில சல்லிசா கெடைச்ச மாஸ்கோ புத்தகம் அத்தனையும் வாசிச்சவன்ல நான். அதுல ட்ராட்ஸ்கி பேரு திட்டு வாங்க மட்டுந்தான் வரும். இந்தப் போடு போடுதாங்களே, அப்ப ஆளு லேசுப்பட்டவனா இருக்க மாட்டான்னு தேடித் தேடிப் படிச்சேன். உனக்குப் பிடிச்ச ஆளு எனக்கும் பிடிச்ச ஆளுதான். அதனாலதான் கேக்கேன், இப்படியா காப்பாத்துவாங்க?

மொதல்ல அந்தக் கப்பல். டிக்கெட்டு யாரு கொடுத்தா? 1932லயே அவரு குடியுரிமையப் பிடுங்கியாச்சு. துருக்கியில ஒரு தீவு, பிரான்ஸ், நார்வேன்னு வெரட்டி வெரட்டி, கடைசியில நார்வேக்காரன் அவரையும் வீட்டம்மா நதாலியாவையும் ஒரு எண்ணெய்க் கப்பல்ல ஏத்தி அனுப்புனான். 1937 ஜனவரியில தம்பிகோ துறைமுகத்துல வந்து இறங்குனாரு. உலகத்துல எத்தனையோ தேசம் இருந்தும் ‘வா’ன்னு சொன்னது மெக்ஸிகோ ஜனாதிபதி கார்தெனாஸ் ஒருத்தருதான். பாஸ்போர்ட்டு இல்லாத மனுசன உன் கதையில எந்தத் துறைமுகத்துலயும் ஒரு பய நிறுத்தல. நம்ம ஊரு சோதனைச்சாவடியிலயே தேங்கா லாரிய நிறுத்துதான்ல.

சரி, போய்ச் சேந்துட்டாருன்னே வச்சுக்கிடுவோம். மாஸ்கோ ஸ்டேஷன்ல மாலை போட யாரு வருவா? ஜினோவியேவ், காமனேவ் ரெண்டு பேரையும் 1936 ஆகஸ்ட்ல சுட்டாச்சு. துகாசெவ்ஸ்கிய 1937 ஜூன்ல. புகாரின 1938 மார்ச்ல. ட்ராட்ஸ்கியோட மூத்த மவன் லெவ் 1938ல பாரீஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில செத்தான். அரசியலே வேண்டாம், எஞ்சினியர் வேலை போதும்னு ரஷ்யாவுலயே தங்கிட்ட இளையவன் செர்கேயையும் விடல, 1937ல முடிச்சாச்சு. நீ உன் நாலாவது அத்தியாயத்துல “பழைய தோழர்கள் திரண்டு வந்தார்கள்”னு எழுதியிருக்க. எங்கருந்துல திரளுவாங்க, சுடுகாட்டுலருந்தா?

நீ எழுதுத கதைய சரித்திரம் ஏற்கெனவே ஒரு தடவை எழுதிப் பாத்துட்டு. அது உனக்குத் தெரியுமா தெரியாதா? கொலைக்குத் தப்புன ட்ராட்ஸ்கிதானல உனக்கு வேணும்? அவரு தப்புனாரு. 1940 மே 24, விடியக்காலம். போலீஸ் உடுப்பும் பட்டாள உடுப்பும் போட்டு ஒரு இருபது பேரு வீட்டுக்குள்ள பூந்தானுவ. தலைமை யாருங்குத? சிகேரோஸ். சுவரு சுவரா படம் வரைஞ்ச ஓவியன், ஸ்பெயின் சண்டையில நின்னவன். படுக்கையறைக்குள்ள எந்திரத் துப்பாக்கி வச்சு இருநூறு குண்டுக்கு மேல பொழிஞ்சானுவ. புருசனும் பொஞ்சாதியும் கட்டிலுக்குக் கீழ மூலையில ஒடுங்கிக் கெடந்தாங்க. பேரன் சேவாவுக்கு அப்ப 14 வயசு, கால் பெருவிரல்ல ஒரு கீறல். அவ்வளவுதான் சேதம். இருநூறு குண்டுக்கு ஒரு கால்விரல்! அந்தாளு சித்திரத்தோட நின்னிருக்கலாம். (அந்தப் பேரன் 97 வயசு வரைக்கும் இருந்து 2023லதான் செத்தாரு. வீடு இப்ப மியூசியம். சுவத்துல குண்டு தொளைச்ச ஓட்டை அப்படியே இருக்கு.)

தப்புனவருக்கு என்ன மரியாதை கெடைச்சுதுங்குத? போலீஸ் அதிகாரி வந்து பாத்துட்டு, இவ்வளவு குண்டுக்கும் ஒருத்தரும் சாகலையே, இது நீங்களே போட்ட நாடகமாங்குத தினுசுல வெசாரணைய ஆரம்பிச்சான். காவலுக்கு நின்ன ஷெல்டன் ஹார்ட்டுங்குத அமெரிக்கப் பையனக் கூட்டிட்டுப் போயிட்டானுவ, ஒரு மாசம் கழிச்சு சுண்ணாம்புக் குழியில பொணமா கெடைச்சான். பொறவுதான் சுவர ஒசத்துனாங்க. கண்காணிப்புக் கோபுரம் வச்சாங்க. இரும்புக் கதவு போட்டாங்க. ஜன்னல அடைச்சாங்க. ஜார் ஆட்சியில ஜெயிலப் பாத்த மனுசன், தன் காசுலயும் தோழர்மாரு காசுலயும் தனக்கே ஒரு ஜெயிலு கட்டி உள்ள உக்காந்தாரு.

கொன்னவன், அந்த மெர்காதேர், எப்ப அந்த வீட்டுக்குள்ள மொதல்ல கால் வச்சான் தெரியுமா? மே 28. குண்டு பொழிஞ்சு நாலே நாள். தோழர் ஒருத்தர் குடும்பத்த வேராக்ரூஸ் துறைமுகத்துக்குக் காருல கொண்டுபோய் விடுதேன்னு வந்தான். பேரனுக்கு ஒரு பொம்மை விமானம் கொண்டாந்து கொடுத்து, அதை எப்படிப் பறக்க விடணும்னு காட்டிக் கொடுத்தான். பட்டியச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டுட்டு, படலத் திறந்து நரியக் காப்பி குடிக்கக் கூப்பிட்ட கதைதான் போ.

மே 24லருந்து ஆகஸ்ட் 20 வரைக்கும் கணக்குப் போட்டா 88 நாள். சரித்திரம் உன் கதைய எழுதிப் பாத்துட்டு, 88 நாள்ல முடிச்சிட்டு. உன் பேனா விழுந்தா இன்னொரு 88 நாள் கெடைக்கும். ஏன்னா அனுப்புன ஸ்டாலின் ஒரே ஒருத்தன நம்பி அனுப்பல. சிகேரோஸ் கோஷ்டி தனி, இந்த மெர்காதேர் தனி, ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ரெண்டு ஏற்பாடு. மெர்காதேரோட ஆத்தாக்காரியும் மேலதிகாரியும் வெளியில காருல காத்துக்கிட்டு இருந்தாங்க. மவன் கொலை பண்ண உள்ள போறான், பெத்தவ காரு வச்சுக் காத்திருக்கா! நீ கோடாலிய மட்டும் தட்டி விட்டுட்டு, வரிசையில நிக்கவனுக்கு என்ன செய்யப் போற?

ஆனாலும் அந்தச் சாயங்காலத்த நீ சரியா எழுதல. பேனாவ விடு. அங்க நெசமாவே நடந்தது பேனாவ விட நல்லாருக்கு. மூணு நாளைக்கு முந்தி அவன் ஒரு கட்டுரைய எடுத்துக்கிட்டு வந்து ஒத்திகை பாத்துட்டுப் போனான். தொப்பியக் கூடக் கழட்டாம, மேசை ஓரத்துல ஏறி உக்காந்தானாம். ட்ராட்ஸ்கி வீட்டம்மாகிட்ட, இந்தப் பயல எனக்குப் பிடிக்கலைன்னாரு. பிடிக்காதவன் மறுபடி வந்தப்போ மறுபடியும் உள்ள விட்டாரு! வாரவனச் சோதிச்சு விடுங்கன்னு காவலுக்கு இருந்த பையங்க சொன்னா, தோழர்மார நம்பாம எப்படி வாழுததுன்னு அவருக்கு ஒரு கௌரவம். ஆகஸ்ட் 20 அன்னைக்கு வந்தவன் மூஞ்சி வெளிறிக் கெடந்துது. நதாலியா டீ வேணுமான்னு கேக்கா. வேண்டாம், தண்ணி போதுங்கான். இந்த வெயில்ல மழைக்கோட்டு எதுக்குன்னும் கேட்டுட்டா. மழை வந்தாலும் வரும்னுட்டான். ஆகஸ்ட்ல அங்க மழைக்காலம், அதனால அந்தப் பதில யாரும் சந்தேகப்பட முடியாது பாரு. ட்ராட்ஸ்கி அந்நேரம் கையில உறை மாட்டிக்கிட்டு முயலுக்குத் தீனி வச்சுக்கிட்டு இருந்தாரு. பாதியில விட்டுட்டு வர மனசில்ல. கூண்டுக் கதவ ஒவ்வொண்ணா சாத்திட்டு, உறையக் கழட்டிட்டு, கட்டுரையப் பாக்க உள்ள போனாரு.

செஞ்சேனையக் கட்டுனவரு. கவசம் போட்ட ரயில்ல போர்முனை போர்முனையா அலைஞ்சவரு. கடைசியில அவர முயல் கூண்டுலருந்து எழுப்பிக் கொண்டுபோனது ஒரு மட்டமான கட்டுரை. எழுதுதவன் கொண்டாரத வாசிக்க மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன் கதி இதுதான்னு நினைச்சுக்கிட்டேதான் உன் அஞ்சு அத்தியாயத்தையும் வாசிச்சேன்.

கண்ண மூடிக்கிட்டு ஓங்கிப் போட்டேன்னு அந்தப் பயலே பொறவு சொன்னான். அப்பவும் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் இறங்கிட்டு. அடிபட்ட கெழவரு அலறிக்கிட்டு எந்திரிச்சு அவன் கையக் கடிச்சாரு. காவல்காரப் பையங்க ஓடிவந்து அவன மொத்துதப்போ, கொன்னுராதீங்க, அவன் பேசணும்னாரு. மறுநாள் சாயங்காலம் உயிர் போச்சு. இந்த இடத்த நீ மாத்தாத. தலையில வெட்டோட, கொல்ல வந்தவன வெசாரிக்கணும்னு சொன்ன மனுசன, பேனா எடுக்கக் குனிஞ்சவரா ஆக்கிட்டியே, அடுக்குமால இது?

எனக்கு வயசாயிட்டு, உனக்கு ஆசை தீரல. சரி, பொழைக்க வையி. வரிசையில நின்னவனையும் எல்லாம் ஏதாவது சொல்லி அனுப்பிரு. இப்ப மனுசனுக்கு வயசு 60. அந்த வருசம் பிப்ரவரியிலயே உயில் எழுதி வச்சிட்டாரு. ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே போவுது, மூளையில ரத்தம் கசிஞ்சுதான் முடிவு வரும்னு அவரே எதிர்பாத்தாரு. நவம்பர் முடிஞ்சா அடைக்கலம் கொடுத்த கார்தெனாஸ் பதவிக்காலமும் முடிஞ்சுது. டிசம்பர் 1 அன்னைக்கு வேற ஜனாதிபதி. உன் கதாநாயகன் அன்னைக்கு ராத்திரி தூங்குனாரா முழிச்சிருந்தாரான்னு ஒரு வரி எழுதியிருந்தா இந்தக் கெழவன் உனக்கு ஒரு சொக்கலால் கட்டு வாங்கித் தந்திருப்பேன். நீதான் பீடி குடிக்க மாட்டியே, அதையும் நானே குடிச்சிருப்பேன்.

1941 ஜூன் 22, ஹிட்லர் ரஷ்யாவுல பூந்தான். நீ என்ன எழுதியிருக்க? இதுதான் சமயம்னு ட்ராட்ஸ்கி ஸ்டாலின கவுக்க ஆள் திரட்டுதாரு. அடக் கோட்டிக்காரா! அந்த மனுசன் 1940ல அமெரிக்காவுல இருந்த சொந்தச் சீடப்புள்ளைங்ககிட்ட மல்லுக்கட்டுனதே இதுக்குத்தானல? ஸ்டாலின் கெட்டவன்தான், அதுக்காக சோவியத்த விட்டுக் கொடுக்க முடியாது, எதிரி வந்தா காத்து நிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஷாக்ட்மன், பர்னம்னு தளகர்த்தருங்க சண்டை போட்டுப் பிரிஞ்சு போனாங்க. ஆக உன் கதாநாயகன் 1941ல உசுரோட இருந்தா, ‘தோழர்களே, செஞ்சேனைக்குத் துணை நில்லுங்கள்’னுதான் அறிக்கை விட்டிருப்பாரு. அது யாரு கையில இருக்க சேனை? கோடாலி அனுப்புனவன் கையில. இதுல இருக்க வயித்தெரிச்சல எழுதுல, கைதட்டுதேன்.

டிசம்பர்ல அமெரிக்காவும் சண்டைக்குள்ள வந்துட்டு. ஸ்டாலின் இப்ப கூட்டாளி. ட்ராட்ஸ்கி முடிக்காம விட்டுட்டுப் போன ஸ்டாலின் வரலாற்றுப் புத்தகத்த நியூயார்க் பதிப்பாளர் அச்சுக்குத் தயாரா வச்சிருந்தும், 1946 வரைக்கும் வெளிய விடல. செத்தவரு புத்தகத்துக்கே அஞ்சு வருசம் வாய்ப்பூட்டு. உசுரோட இருக்கவரு வாயி சும்மா இருக்குமா, விட்டு வைப்பானுவளா? 1942ல மெக்ஸிகோவும் அதே பக்கம் சண்டையில இறங்கிட்டு. பொறவு எந்தச் சன்னல் வழியா பேசுவாரு?

அவரு படைபலத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாரு. அவரு உண்டாக்குன நாலாம் அகிலம், 1938 செப்டம்பர்ல பாரீஸுக்குப் பக்கத்துல ஒரு தோழர் வீட்டுல கூடுனது. வந்தவங்க ஒரு மினி பஸ்ஸுக்குள்ள அடங்கிருவாங்க. அதுல ரஷ்யாக்காரங்க சார்பா உக்காந்திருந்தவன் ஸ்பரோவ்ஸ்கி, ஸ்டாலினோட உளவாளி. மொழிபெயர்க்க வந்த பொண்ணு சில்வியா. அவ பின்னால காதலன்னு சுத்திக்கிட்டு இருந்தவந்தான் மெர்காதேர். இந்த அகிலத்த வச்சு மாஸ்கோவப் பிடிக்கப் போறியா?

அவரு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அறிய நாவல் வேண்டாம், நதாலியாவப் பாரு. அந்த அம்மா 1962 வரைக்கும் இருந்தா. சண்டை முடிஞ்சா புரட்சி வரும், ஸ்டாலின் ஆட்சி தாங்காதுன்னு வீட்டுக்காரர் எழுதி வச்சிருந்தாரு. சண்டை முடிஞ்சுது, ஸ்டாலின் பாதி ஐரோப்பாவ மடியில கட்டிக்கிட்டாரு. 1951ல அந்த அம்மா, ரஷ்யாவ இனியும் தொழிலாளி ராஜ்யம்னு சொல்ல என்னால ஆகாதுன்னு எழுதி, புருசன் உண்டாக்குன அகிலத்துக்கே முழுக்குப் போட்டா. புருசன் இருந்திருந்தா பொஞ்சாதி பக்கமா, சீடங்க பக்கமா? நான் பொஞ்சாதி பக்கம்னு சொல்லுவேன், அதுக்கு உன் பாட்டி அடுக்களையில நிக்கதும் ஒரு காரணம்.

மெக்ஸிகோவுல மொதல்ல வீடு கொடுத்தவங்க கதையும் உண்டு. தியேகோ ரிவேரா சண்டை போட்டுப் பிரிஞ்சு, பொறவு கம்யூனிஸ்ட் கட்சியில மறுபடி போய்ச் சேந்தாரு. அவரு வீட்டம்மா ஃப்ரீதா கடைசிக் காலத்துல ஸ்டாலின் படத்துக்குக் கீழ தன்னை உக்கார வச்சு ஒரு ஓவியம் தீட்டுனா. உன் ட்ராட்ஸ்கி 1954 வரைக்கும் இருந்தா அந்தப் படத்தையும் பாக்கணும். நான் அதோட நாவலயே முடிச்சிருவேன்.

இன்னும் பத்து வருசம் தள்ளுனா நம்ம பக்கத்துக்கே வந்துரும். இலங்கை லங்கா சமசமாஜக் கட்சி, ட்ராட்ஸ்கி பேரச் சொல்லி வளந்த கட்சியிலயே பெரிய கட்சி. 1964ல சிறிமாவோ மந்திரிசபையில போய் உக்காந்துட்டு, அகிலம் அவங்களக் கழட்டி விட்டுது. கொல்வின் ஆர். டி சில்வா 1956ல சிங்களம் மட்டும்னா நாடு ரெண்டாகும்னு சபையில எச்சரிச்ச மனுசன். அவரே மந்திரியா இருந்து 1972ல எழுதுன அரசியல் சட்டத்துல சிங்களத்த ஆட்சிமொழின்னு கெட்டியா உக்கார வச்சாரு. யாழ்ப்பாணத்து அந்தோணிப் பிள்ளை அங்கருந்து சென்னைக்கு வந்து மில் தொழிலாளிக்குத் தலைவரா நின்னாரே, அதே கூட்டத்து மனுசன்தான். ரெண்டு பேருக்கும் ஒரே குரு. 92 வயசுக் குருவ நீ உசுரோட வச்சிருந்தா யாருக்குக் கடுதாசி போடுவாரு?

இன்னொண்ணு. உன் அஞ்சு அத்தியாயத்துலயும் கிரான்ஸ்டாட்டுங்குத பேரு ஒரு இடத்துல கூட வரல. 1921ல அங்க எதுத்துக் கிளம்புன மாலுமிங்க மேல பனிக்கட்டி வழியா பட்டாளத்த ஏவுன போர் மந்திரி உன் ஆளுதான். 1938ல கூட, செஞ்சது சரிதான்னு எழுதுனவரு. அதை மறைச்சுட்டு அவர வெள்ளை வேட்டியோட மாஸ்கோவுக்கு அனுப்புத. வாசிக்கவன் எல்லாரும் உன் வயசுன்னு நினைக்காத.

கட்டாயம் சரித்திரத்த மாத்தித்தான் ஆகணும்னா, கொயோவகானுக்கு ஏம்ல போற? 1923க்குப் போ. இலையுதிர் காலத்துல ட்ராட்ஸ்கி சதுப்புல வாத்துச் சுடப் போனாரு. கம்பளி பூட்ஸ் போட்டுக்கிட்டு ஈரத்துல நடந்து கார் கிட்ட வாரதுக்குள்ள காலு சில்லிட்டுப் போச்சு. காய்ச்சல். மாசக்கணக்கா படுக்கை. அந்த இடைவெளியில மத்தவங்க அத்தனை கணக்கையும் தீத்துக்கிட்டாங்க. ஜனவரியில லெனின் செத்தாரு. இவரு உடம்பு தேற சுகுமிக்குப் போற வழியில இருந்தாரு, சவ ஊர்வலத்துக்குக் கூட வந்து சேரல. உன் கதாநாயகனக் காப்பாத்த கோடாலியத் தட்டிவிட வேண்டாம், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடு. செலவும் கம்மி.

ஆனா ஒண்ணு, யோசிச்சு வாங்கு. காலு நனையாம இவரு கிரெம்ளின்ல உக்காந்துட்டாருன்னா, மெக்ஸிகோவுல சுவரு ஒசத்தி உள்ள ஸ்டாலின் முயல் வளத்துக்கிட்டு இருப்பாரு. அவரப் பொழைக்க வைக்கேன்னு நீ நாவல் எழுதுவ. அதையும் என்கிட்டதான் கொண்டாந்து நீட்டுவ.